சேர்வராயன் மலையைச் சுத்தி ஒரே நாள்ல சைக்கிள்ல: எந்தப் பக்கமா கெளம்பறது?

செவ்வாய்ப்பேட்டை ரைடர்:

எல்லாருக்கும் வணக்கம். தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பி ஒரே நாள்ல சேர்வராயன் மலையைச் சுத்தி வரணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருக்கு. ஏற்காடு ஏறுறது இல்லைங்க, மலை மேல போகாம அடிவாரத்துல இருக்கிற ஊர் ஊரா சுத்திக்கிட்டு வர்றது. மேப்ல போட்டுப் பார்த்தேன், சேலம், அயோத்தியாப்பட்டணம், மஞ்சவாடி கணவாய், பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டி, ஓமலூர், கருப்பூர், மறுபடி சேலம். நூறு கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம் வருது, நடுவுல வழி மாறி அலைஞ்சா 110 வரைக்கும் போகும்னு நெனக்கிறேன்.

எதுக்குன்னா ரெண்டு காரணம். மொட்டை மாடியில நின்னா தெனமும் இந்த மலைதான் கண்ணுல படுது, ஆனா எப்பவும் ஒரே முகம். பின்னாடி எப்படி இருக்கும்னு பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. இன்னொன்னு, மாசி கடைசில ஒகேனக்கல் வழியா கர்நாடகா பக்கம் ஒரு வாரம் டூர் போற எண்ணம் இருக்கு, அதுக்கு முன்னாடி முழு லக்கேஜோட ஒரு நாள் ஓட்டிப் பாத்துடணும். டென்ட், துணி, டூல்ஸ் எல்லாம் சேர்த்து பின் கேரியர்ல பத்து பன்னெண்டு கிலோ வரும்.

வண்டி ஸ்டீல் ஃப்ரேம், 700க்கு 35 டயர், வி பிரேக், முன்னாடி மூணு பல்சக்கரம். தட்டையான ரோட்ல லக்கேஜோட மணிக்கு 15, 16 போகும்.

கேக்க வேண்டியது இதுதான். முதல்ல மஞ்சவாடி ஏறிட்டுப் போறதா, இல்ல ஓமலூர் பக்கமா கெளம்பறதா? மத்தியானம் எங்க ஒதுங்கலாம்? முடியலன்னா நடுவுல சைக்கிளோட திரும்பி வர என்ன வழி? அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா ரோடு எப்படி இருக்குன்னும் சொல்லுங்க.


குப்பனூர் கியர்:

ப்ரோ, சேலத்துல இருந்துக்கிட்டு ஏற்காடு ஏறாம மலையைச் சுத்துறீங்களா? டூருக்கு டெஸ்ட் பண்ணணும்னா ஏத்தம்தான் டெஸ்ட். அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியா ஏறுங்க, கொட்டச்சேடு வழியா மேல போயிடலாம், மெயின் காட் ரோட்டைவிட வண்டி கம்மி, ஆனா சில எடத்துல நல்ல செங்குத்து. இறங்குறப்ப 20 கொண்டை ஊசி வளைவு ரோட்ல அடிவாரம் வந்துடுங்க. சேலம் சுமாரா 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர். லக்கேஜோட அவ்வளவு ஏத்தம் ஏறிட்டீங்கன்னா எந்த ஊரு டூரும் பயமில்ல. அரை நாள்ல முடிஞ்சிடும், மத்தியானம் வீட்ல சாப்பாடு.

மே மாசம் கோடை விழா சமயத்துல மட்டும் போகாதீங்க, கூட்டத்துக்கு வண்டிகளை ஒரு ரோட்ல ஏத்தி இன்னொரு ரோட்ல எறக்குவாங்க.


ஓமலூரான்:

குப்பனூர் கியர் சொல்றது நல்ல ரைடுதான், ஆனா அது வேற ரைடு. அவரு கேட்டது ஒரு நாள் முழுக்க ஊர் ஊரா போறது. ஏற்காடு ஏத்தம் மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், காலும் நெஞ்சும் டெஸ்ட் ஆகும், அவ்வளவுதான். ஒரு வார டூர்ல ஒருத்தரைப் படுக்க வைக்கிறது ஏத்தம் இல்லைங்க. பதினோரு மணி வெய்யில்ல அடுத்த ஊரு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, பாட்டில் காலி, பசி அடங்கிப் போயி சோறு உள்ள எறங்க மாட்டேங்குது, உக்காந்த எடம் எரியுது, அந்த நேரம்தான் படுக்க வைக்கிறது. அதைத் தெரிஞ்சுக்கணும்னா இந்த மாதிரி சுத்துதான் போகணும்.

இந்தச் சுத்து நான் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல திசை. நீங்க போட்டிருக்கிறது மஞ்சவாடி முதல்ல. அதைத் திருப்பிப் போடுங்க, ஓமலூர் பக்கமா கெளம்பி மஞ்சவாடி வழியா வீட்டுக்கு வாங்க. ஏன்னா காலையில நீங்க மலைக்கு மேக்கால இருப்பீங்க, சூரியன் மலைக்குப் பின்னாடி இருந்துதான் ஏறி வரணும், காடையாம்பட்டி, டேனிஷ்பேட்டை கிட்டல்லாம் மத்த எடத்தைவிட வெய்யில் லேட்டாத்தான் மேல விழும். சாயங்காலம் அதே மாதிரி நீங்க கெழக்கால வந்துடுவீங்க, மஞ்சவாடி ஏர்றப்ப சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போயிடும். ரெண்டு பக்கமும் அரை மணி, முக்கா மணி நேரம் மலையே நெழல் குடுக்குது. உங்க வழியில போனா ரெண்டு பக்கமும் வெய்யில் பக்கத்துலயே மாட்டுவீங்க. இன்னொன்னு, இப்படிப் போனா மலை பூரா நேரமும் வலது கைப்பக்கமா இருக்கும், அதாவது வலம் வர்றது. மேல சேர்வராயன் கோயில் இருக்கு, மலையில இருக்கிற மலையாளி பழங்குடி ஜனங்களுக்கு அந்த மலையே சாமிதான், மே மாசம் திருவிழா. நான் போனப்ப அது மனசுல இருந்துச்சு, உங்களுக்கும் புடிக்கும்னு சொல்றேன்.

ஏத்தக் கணக்கும் இப்படித்தான் சரியா வரும். தர்மபுரி பக்கத்து நெலம் சேலத்தைவிட மேடு, எந்தப் பக்கம் போனாலும் முதல் பாதியில ஏறணும், கடைசியில எறங்கணும். டேனிஷ்பேட்டையிலருந்து பொம்மிடி வரைக்கும் மெதுவா ஏறிக்கிட்டே இருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஆனா ஸ்பீடு குறைஞ்சிருக்கும். தட்டையான ரோடு, ஏன் போக மாட்டேங்குதுன்னு ஜோரா மிதிச்சா பொம்மிடி போறதுக்குள்ள கால் செத்துடும். சின்ன கியர்ல போட்டுட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டே போங்க. அதே வழியிலதான் சேலம் ஜோலார்ப்பேட்டை ரயில் லைனும் போகுது, 1860கள்ல போட்டது, டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடின்னு ஸ்டேஷன் பேரு ஒவ்வொண்ணா வரும். அந்தக் காலத்துல மலைக்கு நடுவுல சுலபமான வழி எதுன்னு பார்த்து லைன் போட்டிருக்கான், நம்ம சைக்கிளுக்கும் அதே வழிதான் சுலபம்.

நேரம். தை மாசம் ஆறரைக்கு மேலதான் விடியும், ஆறு மணி சுமாருக்கு இருட்ட ஆரம்பிச்சிடும். நீங்க அஞ்சரைக்கு லைட்டோட கெளம்பிடுங்க, சேலம் டு ஓமலூர் பெரிய ரோடு, லாரி குறைவா இருக்கிற நேரத்துல தாண்டிடணும். கருப்பூர்ல வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிற பக்கம் வெள்ளை வெளேர்னு மேடு மேடா கெடக்கும், இருட்டுல தெரியாது, பரவால்ல, அது நமக்குத் தெரிஞ்ச எடம்தான். ஓமலூர் வந்து இட்லி சாப்பிட்டுட்டு கெளம்புங்க. அங்க சரபங்கா நதிப் பாலத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தத் தண்ணி நீங்க சுத்தப் போற மலையிலருந்துதான் வருது, இங்கிருந்து எடப்பாடி பக்கம் போயி காவேரியில சேருது. அப்புறம் மலைக்கு அந்தாண்ட போனா பாப்பிரெட்டிப்பட்டிகிட்ட வாணியாறு, அதுவும் இதே மலைதான், ஆனா அது தென்பெண்ணைக்குப் போகுது. கடைசியில சேலம் உள்ள நுழையறப்ப திருமணிமுத்தாறு, அது மஞ்சவாடி பக்கத்துலருந்து எறங்கி காவேரிக்குப் போகுது. ஒரு மலையோட தண்ணி ரெண்டு ஆத்துக்குப் பிரிஞ்சு போறதை ஒரே நாள்ல சைக்கிள்லயே பாத்துடலாம். கார்ல போனா இதெல்லாம் வெறும் பாலம், தாண்டினதே தெரியாது.

ஓமலூருக்கு அப்புறம் பெங்களூர் ஹைவேயில போகாதீங்க. காடையாம்பட்டி வழியா ஊர் ரோட்லயே போங்க. ஹைவே ஓரத்துல லாரி டயர் வெடிச்சுக் கெடக்கும், அதுல இருக்கிற மெல்லிசு கம்பி நம்ம டயர்ல ஏறுனா வெளிய தெரியாது, பஞ்சர் ஒட்ட ஒட்ட மறுபடி போகும்.

டேனிஷ்பேட்டை, கணவாய்புதூர் பக்கம்தான் எனக்கு இந்தச் சுத்துலயே ரொம்பப் புடிச்சது. ஏற்காட்டை நாம முன்னாடியிருந்துதானே பார்ப்போம், இங்க மலை வேற மாதிரி நிக்கும், கிட்டத்துல, பச்சையா, வீடு கட்டடம் ஒண்ணும் தெரியாம. ஊர்க்காரங்க யாரும் ஏற்காடுன்னு சொல்ல மாட்டாங்க, மலைன்னுதான் சொல்வாங்க. டீக்கடையில உக்காந்தா நாலு பேரு வந்து சைக்கிளைத் தூக்கிப் பார்ப்பாங்க, எவ்வளவு வெலைன்னு கேப்பாங்க, ஏன் வண்டி இல்லையான்னு கேப்பாங்க. அவசரப்படாம பதில் சொல்லுங்க, அடுத்த பத்து கிலோமீட்டர்ல எங்க ரோடு தோண்டிப் போட்டிருக்கு, எந்தக் கடையில சாப்பாடு நல்லாருக்கும்னு அவங்கதான் சொல்வாங்க, மேப்ல அது வராது.

பொம்மிடி போறதுக்குப் பத்தரை பதினொண்ணு ஆயிடும். அங்கயே மத்தியானத்தை ஓட்டுங்க. சாப்பிட்டுட்டு ரெண்டரை வரைக்கும் படுங்க, மூணு மணி நேரம் வீணாப் போகுதேன்னு நெனைக்காதீங்க. தை மாசம்தானேன்னு மத்தியானம் ஓட்டுனா ஓட்டலாம், ஆனா மாசி கடைசில உங்க டூர்ல ஓட்ட முடியாது, அதனால படுத்துப் பழகறதும் டெஸ்ட்ல ஒரு பாகம்தான். பன்னெண்டு மணிக்கு நெழல்ல உக்காந்திருக்கிறது மனசுக்கு ரொம்பக் கஷ்டம், எழுந்து போயிடலாம்னு இழுக்கும். இழுத்தாலும் எழுந்திருக்காதீங்க.


பா.பட்டிக்காரன்:

தம்பிக்கு வணக்கம். நான் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கிராமம். எங்க ரோட்ல போகப் போறேன்னு எழுதியிருந்ததைப் பார்த்து சந்தோஷம். ஓமலூர் தம்பி சொல்ற திசைதான் சரி.

எங்க காலத்துல சைக்கிள் டூர்னு பேரு கெடையாது, பொழைப்பு. கேரியர்ல புளி மூட்டை வெச்சுக்கிட்டு மஞ்சவாடி தாண்டி சேலம் லீ பஜாருக்கு வருவோம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புவோம், ஏன்னா வெய்யில்ல மூட்டையோட கணவாய் ஏற முடியாது. கணவாய்ல யாரும் மிதிக்க மாட்டோம், எறங்கித் தள்றதுதான். தள்றதுல ஒரு வெக்கமும் இல்ல. மேல வந்து மூச்சு வாங்கிட்டு, அப்புறம் சேலம் வரைக்கும் எறக்கம்தான், மூட்டை வெயிட்டுல சைக்கிள் தானா போகும், பிரேக் கட்டை தேஞ்சுடும்னு காலை ரோட்ல தேச்சுக்கிட்டு வந்தவங்களும் உண்டு. நீங்க அப்படிச் செய்ய வேண்டாம். எறங்கறதுக்கு முன்னாடி மேல நின்னு பிரேக்கைப் பார்த்துக்குங்க.

இப்ப ரோட்டைப் பத்தி. தை மாசம் வர்றீங்க, அறுவடை நேரம். கேழ்வரகுக் கதிர், கொள்ளுக் கொடி இதையெல்லாம் ரோட்லதான் பரப்பிப் போட்டிருப்பாங்க, வண்டி ஏறி ஏறி மணி உதிரணும்னு. பஸ்ஸு லாரிக்கு ஒண்ணும் இல்ல, உங்க கியர் சைக்கிள் அதுல போச்சுன்னா கொள்ளுக் கொடி நூல் மாதிரி பின்னாடி சுத்திக்கும், செயினுக்குள்ள பூந்து அந்தத் தொங்கற கியரை இழுத்து ஒடிச்சுடும். எங்க பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு அப்படி ஆச்சு. கதிரைப் பார்த்தீங்கன்னா எறங்கித் தூக்கிக்கிட்டுப் போங்க. அதை ஓரமா தள்ளி விட்டுட்டு மட்டும் போகாதீங்க, அது ஒருத்தரோட வருஷ உழைப்பு.

கரும்பு வெட்டும் அந்த நேரத்துலதான். அரூர் பக்கம் கோபாலபுரம் மில்லுக்கு டிராக்டர் லோடு போகும், ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கிட்டிருக்கும், டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது. பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க, ஓவர்டேக்கும் பண்ணாதீங்க, நின்னு ஒரு டீ குடிச்சிட்டு அது போன பிறகு வாங்க. ஊருக்குள்ள வேகத்தடைக்குப் பெயின்ட் இருக்காது, பள்ளிக்கூடம், கோயில் தெரிஞ்சாலே வேகத்தடை இருக்குன்னு வெச்சுக்குங்க.

பொம்மிடியிலருந்து பாப்பிரெட்டிப்பட்டி வர்ற வழியில வெத்தலைக் கொடிக்கால், பாக்குத் தோப்பு, மஞ்சள் எல்லாம் பார்க்கலாம், அந்தப் பக்கம் ரோட்ல போனாலே குளு குளுன்னு இருக்கும். நேரம் இருந்தா வாணியாறு டேம் ஒரு எட்டு போயிட்டு வரலாம், ஆனா நீங்க முதல் தடவை, வேண்டாம், நேரத்தை மிச்சம் பிடிங்க. 2024 டிசம்பர் முதல் வாரத்துல ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு ரோடெல்லாம் மண் சரிஞ்சுது, எங்க பக்கமும் தண்ணி எக்கச்சக்கம். அதனால ஐப்பசி கார்த்திகையில இந்தப் பக்கம் வர்றவங்க மழைச் செய்தி பார்த்துட்டு வாங்க. தையில பயமில்ல.

ஒரே ஒரு விஷயம் கண்டிப்பா. மஞ்சவாடியை இருட்டுல தாண்டாதீங்க. அந்த ரோட்ல லாரி, பஸ் எல்லாம் வேகமா வரும், ரெண்டு பக்கமும் காடு, காட்டெருமை ரோட்டைத் தாண்டினாலும் தாண்டும். அது பாட்டுக்குப் போகும், நாம கிட்ட போகாம இருந்தா ஒண்ணும் பண்ணாது, ஆனா இருட்டுல அது நிக்கிறதே தெரியாது.


சைக்கிள் தமிழச்சி:

இந்த ரோட்ல நானும் ஃப்ரெண்டும் மஞ்சவாடி பக்கம் மட்டும் போயிட்டு வந்திருக்கோம். பெண்கள் யாராவது இதைப் படிச்சுட்டுப் போகலாம்னு நெனச்சா அவங்களுக்காக இதை எழுதறேன், மேல யாரும் சொல்லலை.

டாய்லெட்தான் முதல் கேள்வி, தண்ணி குடிக்காம ஓட்டறதுதான் நாம பண்ற வேலை, அது ரொம்ப ஆபத்து. தண்ணி குடிக்காம நூறு கிலோமீட்டர் ஓட்டினா தலைவலி, வாந்தின்னு ஆரம்பிச்சு நாலு நாளைக்கு யூரின் எரிச்சல்ல கொண்டு போய் விடும். பெட்ரோல் பங்க்ல தைரியமா கேளுங்க, தயங்காதீங்க. ஓமலூர்ல பஸ் ஸ்டாண்ட் இருக்கு. பங்க் எங்கெங்க இருக்குன்னு முந்தின நாளே மேப்ல குறிச்சு வெச்சுக்கிட்டா மனசுல பாதி பாரம் எறங்கிடும், தண்ணியும் தாராளமா குடிக்கலாம். டீக்கடையில பெண்கள் யாராவது இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, எங்களை ஒரு அம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயி, கெளம்பறப்ப கையில ரெண்டு சீத்தாப்பழமும் குடுத்து அனுப்பினாங்க. சின்ன ஊர்ல கேட்டா செய்வாங்க, கேக்கணும்.

எங்க போறீங்க, ராத்திரி எங்க தங்கப் போறீங்கன்னு கேப்பாங்க. முக்கால்வாசி பேரு அக்கறையிலதான் கேக்கறாங்க. ஆனா தங்கற எடத்தை மட்டும் சொல்லாதீங்க, பின்னாடி எங்க ஆளுங்க வர்றாங்கன்னு சொல்லிடுங்க. லொகேஷன் வீட்டுக்கு ஷேர் பண்ணி வைங்க, கணவாய்ல சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதையும் முன்னாடியே வீட்ல சொல்லிடுங்க, இல்லன்னா பயந்துடுவாங்க.

தண்ணி கூட உப்பும் போகணும், அது ஆணோ பெண்ணோ எல்லாருக்கும். வேர்க்க வேர்க்க வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ஒடம்புல உப்பு குறைஞ்சு தலை சுத்தும். மெடிக்கல்ல ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக்குங்க, பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி, பாதி லிட்டர்ல கலக்காதீங்க. ரோட்ல மோர் கெடைச்சா அதைவிட நல்லது இல்ல, கம்மங்கூழ் தள்ளுவண்டி கண்ல பட்டா கண்டிப்பா நில்லுங்க. கலர் சோடா குடிச்சுட்டு ஏத்தம் ஏறாதீங்க, வயிறு உப்பிக்கும்.


பல்சக்கரம்:

சைக்கிள் ரிப்பேர் பண்றவன்ங்கிற முறையில ரெண்டு வார்த்தை.

உங்க வழியில எல்லா ஊர்லயும் சைக்கிள் கடை இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. இருக்கிற கடையிலயும் 28 இஞ்ச் பழைய சைக்கிள் ட்யூப்தான் இருக்கும், அது உங்க 700 ரிம்முக்கு அளவு சரியில்ல. பிரெஸ்டான்னு சொல்ற மெல்லிசு வால்வு போட்ட ரிம்மா இருந்தா ஓட்டை ஆறரை எம்எம்தான், அந்தத் தடிச்ச வால்வு உள்ளயே போகாது. ரெண்டு ட்யூப் சொந்தமா வெச்சுக்குங்க, ஒட்டற சாமான், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லீவர் எல்லாம் சேர்த்து. பிரெஸ்டாவுக்கு மாட்டற பித்தளை அடாப்டர் ஒண்ணு வால்வுலயே திருகி விட்டுடுங்க, அப்ப எந்த பங்க்லயும், எந்த பைக் பஞ்சர் கடையிலயும் காத்து அடிச்சுக்கலாம். ஆனா பங்க்ல அடிக்கிறப்ப கவனம், கார் டயர் நெனப்புல ஒரே அமுக்கா அமுக்கிட்டா வெடிச்சுடும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க.

பஞ்சர் ஆச்சுன்னா ட்யூபை மாத்தறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் வெரலால தடவிப் பாருங்க. சீமைக்கருவேல முள்ளு நுனி ஒடிஞ்சு உள்ளயே நிக்கும், அதை எடுக்காம புது ட்யூப் போட்டா அதுவும் அஞ்சு நிமிஷத்துல போகும். பெரியவர் சொன்ன கொள்ளுக் கொடி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. கியர் ஹேங்கர், அதாவது பின் கியரை ஃப்ரேமோட மாட்டற துண்டு, ஒண்ணு உங்க ஃப்ரேமுக்குத் தகுந்தது எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்குங்க, சின்ன சாமான், ஆனா அது ஒடிஞ்சா சேலம் வந்தாலும் உடனே கெடைக்காது. உங்க ஸ்டீல் ஃப்ரேம்ல ஹேங்கர் ஃப்ரேமோட சேர்ந்தே இருந்தா அது வேண்டாம், வளைஞ்சா நிமித்திக்கலாம்.

லக்கேஜ் பத்து கிலோவையும் பின்னாடியே போடாதீங்க. கனமான டூல்ஸ், ட்யூப், தண்ணி இதெல்லாம் ஃப்ரேமுக்கு நடுவுல கீழ வர்ற மாதிரி கட்டுங்க, மேல லேசான துணி. இல்லன்னா ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கறப்ப வண்டி ரெண்டு பக்கமும் ஆடும்.

குப்பனூர் கியருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், வி பிரேக், பத்து கிலோ லக்கேஜ், 20 கொண்டை ஊசி எறக்கம், இது மூணும் சேர்ந்தா ரிம் சூடாகும். போறதா இருந்தா பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே எறங்காம, நல்லா புடிச்சு வேகம் குறைச்சு விட்டு, மறுபடி புடிச்சு எறங்கணும், நடுவுல ரெண்டு மூணு எடத்துல நிறுத்தி ஆற விடணும்.


குப்பனூர் கியர்:

சரிங்க, பல்சக்கரம் சொன்னது ஒத்துக்கறேன். நான் லக்கேஜ் இல்லாம போறவன், அந்தக் கணக்குல சொல்லிட்டேன். அவரு மலையைச் சுத்திட்டு வரட்டும், அடுத்த வாரம் லக்கேஜைக் கழட்டிட்டு குப்பனூர் வரட்டும், நானும் கூட வரேன்.


செவ்வாய்ப்பேட்டை ரைடர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் வரும்னு எதிர்பார்க்கவே இல்ல. பா.பட்டி ஐயா எழுதினதை எங்க அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், லீ பஜார்ல புளி மூட்டை எறங்கறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன்னு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தாரு.

திசையை மாத்திட்டேன். அஞ்சரைக்கு சேலம், ஆறரை ஏழுக்குள்ள ஓமலூர் இட்லி, எட்டரைக்கு டேனிஷ்பேட்டை, பதினொண்ணுக்கு பொம்மிடி, ரெண்டரை வரைக்கும் நெழல். வாணியாறு டேம் இந்தத் தடவை இல்ல. டூல்ஸ் ஃப்ரேம் பையில, அடாப்டர் வாங்கியாச்சு.

மிச்சம் இருக்கிறது ஒரே கேள்வி. பொம்மிடியில முடியலன்னு தோணுச்சுன்னா ரயில்ல சைக்கிளை ஏத்திக்கிட்டு சேலம் வந்துடலாமா? பொம்மிடிக்கு அப்புறம் முடியலன்னா என்ன பண்றது?


ஓமலூரான்:

ரயில்ல முழு சைக்கிளை அப்படியே ஏத்தணும்னா லக்கேஜா புக் பண்ணி பிரேக் வேன்ல போடணும், சின்ன ஸ்டேஷன்ல ரயில் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள நடக்கற வேலை இல்ல. அதை நம்பாதீங்க. வேணும்னா பெரிய துணிப்பை ஒண்ணு மடிச்சு எடுத்துட்டுப் போங்க, ரெண்டு சக்கரத்தையும் கழட்டி ஃப்ரேமோட சேர்த்துக் கட்டி பையில போட்டுட்டா பாசஞ்சர் வண்டியில மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லாத எடத்துல வெச்சுக்க விட வாய்ப்பு இருக்கு, ஆனா அதுவும் அன்னைக்குக் கூட்டத்தைப் பொறுத்தது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கும், மத்தியானம் பரவால்ல. முந்தின நாளே பொம்மிடியில எந்த வண்டி எத்தனை மணிக்கு நிக்கும்னு பார்த்துட்டுப் போங்க.

அதனால பொம்மிடியில படுத்து எழுந்திரிச்ச பிறகு முடிவு பண்ணுங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி முடிவு பண்ணாதீங்க. பதினோரு மணிக்கு முடியாதுன்னு தோணறதெல்லாம் ரெண்டரைக்கு முடியும்னு தோணும். எழுந்த பிறகும் தலை சுத்தல், வாந்தி வர்ற மாதிரி இருந்தா மட்டும் யோசிக்காம ரயிலைப் பாருங்க.


பா.பட்டிக்காரன்:

பொம்மிடிக்கு அப்புறம்னா ரயில் கெடையாது தம்பி. பஸ்ஸுல சைக்கிளை ஏத்த மாட்டாங்க, இப்ப வர்ற பஸ்ல மேல கேரியரும் இல்ல. பாப்பிரெட்டிப்பட்டியில குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, கெடைக்கும், காய்கறி லோடு ஏத்திட்டுப் போறவங்க சேலத்துக்குப் போறதும் உண்டு. சாமியாபுரம் கூட்ரோட்லயும் கேட்டுப் பாருங்க. தனியா வாடகைக்குப் பேசுனா காசு ஆகும், சேலம் போற வண்டியில ஓரமா சைக்கிளை வெச்சுக்கிட்டா டீ காசுல ஏத்திக்குவாங்க. பேசறப்ப முதல்லயே எவ்வளவுன்னு கேட்டுக்குங்க.

ஒரு கணக்கு வெச்சுக்குங்க. சாயங்காலம் நாலு மணிக்கு கூட்ரோடு தாண்டிட்டீங்கன்னா தாராளமா போங்க, வெளிச்சத்துல கணவாய் எறங்கிடலாம். நாலரைக்கு மேல ஆச்சுன்னா எவ்வளவு தெம்பு இருந்தாலும் மிதிக்க வேண்டாம், சைக்கிளை வண்டியில ஏத்திடுங்க. கணவாய் எங்கயும் போகாது.


செவ்வாய்ப்பேட்டை ரைடர்:

சரிங்கய்யா, அப்படியே பண்றேன். கூட்ரோட்ல நாலரைன்னு ஃபோன்ல அலாரம் வெச்சுட்டேன். முன்னாடி பின்னாடி லைட்டு ரெண்டும் எப்படியும் எடுத்துட்டு வரேன். பாப்பிரெட்டிப்பட்டியில மூணே காலு, மூணரைக்கு வருவேன்னு நெனக்கிறேன், நீங்க அன்னைக்கு ஊர்ல இருந்தா இங்கயே ஒரு வார்த்தை எழுதுங்க, நின்னு பார்த்துட்டுப் போறேன்.


பா.பட்டிக்காரன்:

இருப்பேன் தம்பி. பஸ் ஸ்டாப் கிட்ட டீக்கடையில உக்காந்திருக்கேன். மோர் கொண்டாரச் சொல்றேன், அங்க டீ குடிக்காதீங்க.